சத்தம் வராத பள்ளிக்கூடம்

கிமாதி பாய் பனிச்சேறு ஒட்டிய காலணியோடு வகுப்புக்குள் நுழைந்தார். பெஞ்சில் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பின்னால் ஷரிஃப்ஜான் இஷான். எங்கள் ஊருக்கே சூஃபி குரு. அவர் வேண்டாம் என்றால் இன்றோடு என் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு.

"கேளுங்க ஹஜ்ரத், ஏதாச்சும் சத்தம் வருதா? நம்ம மதரசாவுல புள்ளைங்க ஓதினா ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். இங்க கபர்ஸ்தான் மாதிரி இருக்கு!"

இஷான் தாடியைத் தடவினார்.

"நாமளும் மனசுக்குள்ளதான் அல்லா பேரைச் சொல்லி திக்ரு பண்றோம், கிமாதி. அது எந்தக் கரைக்குக் கேக்குது?"

ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள். முறைத்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாய் விடுவதாக இல்லை.

"வாசிக்கட்டும், வேணாங்கல. பொட்டப் புள்ளைக்கு எழுத்து எதுக்கு? இன்னிக்கு எழுத்து, நாளைக்குக் காதல் கடுதாசி!"

என் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி ஒடிந்தது. பக்கத்து ஊரில் இதே பேச்சுதான் பள்ளியை மூடியது. அடுப்பருகே தொங்கிய திரையைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன்.

இஷான் தலைப்பாகை மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நீ சொல்றது நெசந்தான். எழுத ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கே ஒண்ணு வந்திருக்கு."

பாயின் வாய் பிளந்தது. எந்தப் பிள்ளை எழுதியதோ என்று பெஞ்சைப் பார்த்தேன்.

"வாசிம்மா மர்ஃபுகா. சத்தமா வாசி, கிமாதிக்குக் கேக்கணும்."

தாளை என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்த கோணல்மாணலான எழுத்து. பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

'ஆற்றில் பனிக்கட்டி இளகிவிட்டது. குறுக்கே நடக்காதீர்கள், பாலத்து வழியாக வாருங்கள். சூப்பை அடுப்பிலேயே வைத்திருக்கிறேன்.'

"இதுல காதல் எங்க இருக்கு, ஹஜ்ரத்?"

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்திப் பாரு, தெரியும்."

பிள்ளைகள் மொத்தமாகச் சிரித்தார்கள். பாய் காதுவரை சிவந்து வெளியேறினார்.

இஷான் தாளை வாங்கி, மடித்து, மறுபடி தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார்.

"பாலம்கிறதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. அதை மட்டும் திருத்திச் சொல்லிக்குடும்மா."

திரைப் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார்.

அவர் காலடி ஓய்ந்ததும் திரைக்குப் பின்னால் பேனா கீறும் ஓசை கேட்டது.

என் பதின்மூன்றாவது மாணவி பீபிசாரா, அறுபது வயதில், பாலம் என்று புதிதாக எழுதி அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தார்.