வராத நாளில் கையெழுத்து

“பிள்ளைக்கு நிமோனியா மேடம். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். ஒரு வாரம் லீவு வேணும்.”

லேப் வகுப்பு எடுக்கும் மிஸஸ் டோர்சி மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“உன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லேன்னு நீ லேப் குடுவையில வளர்க்கிற செல்லுக்குத் தெரியுமா யெசீனியா? ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அதுக்குச் சத்துநீர் மாத்தணும். மாத்தலேன்னா செத்துடும். செத்தா ஃபெயில். அடுத்தவங்க கை உன் குடுவையில பட்டாலும் ஃபெயில். யாரா இருந்தாலும் அதான் சட்டம்.”

கல்நெஞ்சக்காரி! மனசுக்குள் திட்டினாள் யெசீனியா. இந்த உயிரணுப் பாடத்தில் தேறினால் ஆஸ்பத்திரி லேபில் வேலை. இல்லாவிட்டால் திரும்பவும் பாதாம் ஃபேக்டரியில் பெல்ட் முன்னால் நிற்க வேண்டியதுதான். அதற்காக மூன்று வயது மாத்தேயோவை ஆக்ஸிஜன் குழாயோடு விட்டுவிட்டு எந்தத் தாய் காலேஜுக்கு வருவாள்?

ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். செல் செத்திருக்கும். சாகட்டும், போ.

லேபில் குடுவைகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள்.

பட்டினி கிடந்தால் நீர் மஞ்சளாகிவிடும். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் குடுவையில் நல்ல இளஞ்சிவப்பு. யாரோ அப்போதுதான் மாற்றி வைத்ததுபோல.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். இடம் இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன செல்கள். அத்தனையும் உயிரோடு.

யார் மாற்றியது?

பதிவு நோட்டைப் புரட்டினாள். செவ்வாய், வியாழன், சனி, திங்கள். நாலு நாளும் அவள் கையெழுத்து. கடைசியில் அவள் போடுகிற சுழி உட்பட. அந்த வியாழக்கிழமை பகல் முழுக்க அவள் ஐ.சி.யூ. வாசலில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்!

நானேதான் வந்தேனா? தூக்கமில்லாத கிறுக்கில் பஸ் ஏறி, இங்கே வந்து, கையுறை மாட்டி, சத்துநீர் மாற்றி, கையெழுத்தும் போட்டுவிட்டு...

வாயை மூடிக்கொண்டால் பாஸ். சொன்னால் ஃபெயில். ஆனாலும் இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது.

“மேடம், இது நான் போட்டது இல்ல. நான் வரவே இல்ல.”

மிஸஸ் டோர்சி நோட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“வந்தியே.”

“இல்ல மேடம்!”

“வியாழக்கிழமை என் கண்ணால பார்த்தேன். நீல ஸ்வெட்டர் போட்டிருந்தே. கூப்பிட்டேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கலை.”

“என்கிட்ட நீல ஸ்வெட்டரே கிடையாது மேடம்...”

“அப்போ பச்சையா இருக்கும். நின்னுட்டே இருக்காம போய் வேலையைப் பாரு.”

யெசீனியா தடுமாறிக்கொண்டு பாட்டில் கழுவும் அறைக்குப் போனாள். அங்கே டெரல் இருந்தான். போன வருஷம் இதே வகுப்பில் படித்துத் தேறியவன், இப்போது இதே லேபில் வேலை பார்க்கிறான்.

“என்ன யெசி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

எல்லாவற்றையும் கொட்டினாள். “எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சா டெரல்? நான் வராத நாள்ல, என்னை மாதிரியே வந்துட்டுப் போனது யாரு?”

டெரல் குழாயை மூடினான். கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“போன வருஷம் எங்கப்பா செத்துட்டார். ஊருக்குப் போனவன், ரெண்டு வாரம் கழிச்சுத்தான் திரும்பி வந்தேன்” என்றான். “அந்த ரெண்டு வாரமும் நான் ஒரு நாள் தவறாம லேபுக்கு வந்தேனாம். அதே டோர்சி மேடம்தான் பார்த்தாங்களாம்.”