அறுநூறு வாட்

ஹீட்டர் வேலைக்கு வந்திருந்த நைஜல், டேப்பைச் சுருட்டிவிட்டுக் கணக்குப் போட்டார். வடக்குப் பார்த்த சுவர், பெரிய ஜன்னல், கீழே கார் ஷெட். ஷெஃபீல்டு குளிருக்கு அறையைச் சூடாக்க ஆயிரத்தைந்நூறு வாட் ரேடியேட்டராவது வேண்டும்.

"அறுநூறு போதும்" என்றாள் வீட்டுக்காரி பிரெண்டா.

"என்னம்மா சொல்றீங்க? யாரு ரூம் இது?"

"எங்க பையனோடது."

நைஜலுக்குச் சுருக்கென்றது. "ஜனவரில புள்ள வெறைச்சுப் போயிடுமே!"

"வெறைக்கட்டும்."

"பெத்தவ பேசுற பேச்சா இது? நான் கணக்குப்படிதான் போடுவேன்."

கதவு திறந்தது. அரைக்கால் சட்டையும் நரை கண்ட தாடியுமாக, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, டீ போட்டியா? என் சட்டையெல்லாம் தொவைச்சாச்சா?"

"வரேன் டங்கன், போ."

அவன் போனதும் நைஜல் பேனாவை எடுத்தார். ஆயிரத்தைந்நூறை அடித்துவிட்டு நானூறு என்று எழுதினார்.

"நான் அறுநூறுன்னுல்ல சொன்னேன்?"

"எங்க பையன் ரூமுக்கு அறுநூறுதாம்மா போட்டேன். மூணு குளிர்காலம் ஆச்சு. ரெண்டு ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு இன்னும் அங்கயேதான் இருக்கான்."