பென்சிலால் ஒரு சுழி

"பென்சில்லயா போட்டே?"

"சுழி போடாம எப்படீங்க ஒரு காரியத்தை—"

"பென்சில்லயான்னு கேக்கறேன்!"

"—தொடங்கறது? பிள்ளையார் சுழி, இத்துனூண்டு, கடுகாட்ட—"

"மார்க்கர் பேனா வாங்கி வெச்சிருக்கறது எதுக்கு? பிள்ளையாருக்கு மார்க்கர் ஆகாதாக்கும்?"

"அது நாறுதுங்க."

"கொட்டாய்க்குள்ள பென்சிலே வரக்கூடாதுன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கனா இல்லியா?"

"அதையும் பென்சில்லதானுங்க எழுதியிருக்கீங்க."



அவர் விமானத்துக்குள் இருந்தார். அவள் வெளியே, வால் பக்கம், தின்னரில் நனைத்த துணியோடு நின்றாள்.

ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய விமானம். பம்ப் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பல்லடம் சாலையில் ஓடாமல் கிடந்த தறிக் கொட்டகையில், அவரே தகடு வெட்டி, அவரே ரிவெட் ஆணியடித்துக் கட்டியது.

உள்வேலை நேற்றோடு முடிந்திருந்தது. பக்கத் தகடுகளின் மேல் அவள் தைத்துக் கொடுத்த சாம்பல் நிற ரெக்சினை ஒட்டியாயிற்று. வெளியே பிரைமர் அடித்துத் தேய்த்தாயிற்று. பெயிண்ட் படாமலிருக்க மேல்மூடிக் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியாயிற்று.

நாளைக் காலை பெயிண்டர் ஜாபர் வருகிறார்.

இப்போது போய் அவள் சொன்னாள். துடைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக.

ரெக்சின் ஒட்டுவதற்கு முன்னால் உள்தகட்டில் ஒரு சுழி போட்டேன் என்று.

"பென்சில் கோடு அலுமினியத்த அரிக்கும், ருக்கு. வெளிய தெரியாது. கோடு போட்ட எடத்துலயே கீறல் உடும். மேல போயி உட்டுச்சுன்னா?"

"மேல போகலீன்னா?"

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க."

"எங்க போட்டே? எடத்தச் சொல்லு."

"இடது பக்கமுங்க. உங்க முழங்கை வர்ற எடம்."

உள்ளே ரெக்சின் பிய்ந்தது. பசை விடாமல் இழுத்து, நீளமாகப் பிய்ந்தது. இரட்டைத் தையல் போட்டிருந்தாள். அவளுக்குப் பல் கூசியது.

"இல்ல."

"இல்லீங்களா?"

"தகடு பளிச்சுன்னு இருக்குது. ஒண்ணுமே இல்ல."

"அப்ப சோத்தாங்கைப் பக்கம்."

மறுபடியும் அந்தச் சத்தம்.

"இங்கயும் இல்ல."

"காலுக்கடியிலயா… சாமி சுழியக் காலுக்கடியில போடுவனுங்களா? போட்டிருக்க மாட்டேன்."

"மாட்டயா, போட்டயா?"

"சீட்டுக்குப் பொறத்தால பாருங்க."

பார்த்தார்.

அங்கேயும் இல்லை.

அவளுக்கே குழப்பமாக இருந்தது. பென்சில் ஞாபகத்தில் இருந்தது. கொண்டையில் செருகியிருந்த துண்டுப் பென்சில். தகட்டின் குளிர்ச்சியும் ஞாபகத்தில் இருந்தது. விரல் சுழிந்தது கூட.

சுழி மட்டும் கண்ணுக்குள் வரவில்லை.

"ஏம்புள்ள." அவர் குரல் தணிந்திருந்தது. "நெசமாலுமே போட்டயா?"

"போட்டேன்னுதான் நெனைக்கறனுங்க."

"நெனைக்கறயா?"

"வெறும் வெரல்ல போட்டிருப்பனோ என்னமோ. பென்சில் கையில இருந்துச்சு. அது நல்லாத் தெரியுது."

"சரி. ஒட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம். ஒட்டறப்பச் சொல்லியிருக்கலாம். இன்னைக்கு எதுக்குச் சொன்னே?"

எதற்குச் சொன்னாள்?

வாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் அழுக்கே வரவில்லை. துடைக்க இனி எதுவும் இல்லை என்று தெரிந்தது. நாளைக்குப் பெயிண்ட். காய்ந்ததும் லாரி. லாரி போய் நிற்கிற இடம் ஓடுதளம்.

அப்போது வாய் அதுவாகச் சொன்னது.

உள்ளே போன் அடித்தது.

"சொல்லுங்க ஜாபர். நாளைக்கு வேண்டாம்… இல்லில்ல, வாங்க. வந்துருங்க… இல்ல, பொறுங்க. நானே கூப்பிடறேன்."

அவளுக்கு நெஞ்சு லேசானது.

ஏன் லேசானது என்று நினைத்ததும் பகீரென்றது.

"எல்லாத்தையும் பிச்சாச்சு," என்றார் அவர். கோபம் இல்லை. களைப்பும் இல்லை. எந்தப் பக்கம் போவது என்று வழியில் நின்று கேட்கிறவரின் குரல். "நீ தெச்சது ஒண்ணு பாக்கியில்ல. எங்கயும் கோடு இல்ல. இப்ப நான் பெயிண்ட் அடிக்கறதா, வேண்டாமா? நீயே சொல்லு."

அவள் துணியைக் கீழே போட்டாள்.

இறக்கையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். மேல்மூடியில் வரன் தேவை விளம்பரங்கள் தலைகீழாக ஒட்டியிருந்தன. அவருடைய முகம் தெரியவில்லை. உள்ளே எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் தலையின் நிழல் மட்டும் தாளில் விழுந்தது.

நிழல் அவள் பக்கம் திரும்பியது.

தகடு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவர் அடிக்கிற ஆணிக்கு மறுபக்கம் இரும்புக் கட்டியை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். காது அடைக்கும்வரை நின்றிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தாளின் மேல் கையை வைத்தாள்.

"நீங்க மேல போறப்ப, நான் எங்கீங்க நிக்கோணும்?"