கிளிஞ்சல் வானொலி கிடைக்கவில்லை

"கிளிஞ்சல் வானொலி கிடைக்கவில்லை. மீண்டும் முயல்கிறேன்."

சொன்னது சமையலறை அலமாரியில், எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உருண்டை ஸ்பீக்கர்.

அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சுங்கக்காரர் கூடத்தின் நடுவே நின்றுவிட்டார்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் உறவுக்காரர்கள் அவரை அப்படித்தான் சொல்வார்கள். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர். பூட்டில் கை வைக்கும் முன் ஆளின் முகத்தைப் பார்ப்பார். பாதிச் சரக்கு அதிலேயே அகப்பட்டுவிடும்.

இப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி பலகையிலேயே நின்றது.

"என்னடி ரேடியோ அது?"

"ஏதோ பாட்டு ரேடியோங்க. நல்லாத்தான் பாடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு வாயடைச்சுப் போச்சு."

கிளிஞ்சல். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா மகன் இலைக்கு மேலாகக் குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னான். இவர் மகள் அந்த இணைய வானொலியில் தினம் பதினோரு மணிக்குப் பேசுகிறாளாம். "எனக்கு ஒரே பிள்ளை. பையன்" என்று சொல்லிவிட்டு, வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தவர் அவர்.

மூன்று வருடத்துக்கு முன்பு, கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வீட்டைவிட்டுப் போனவள். மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கூடத்தில்தான் வந்து நின்றார்கள். உத்தியோகத்தில் எந்த மேலதிகாரிக்கும் வளையாத முதுகு அன்று அவர்கள் முன்னால் வளைந்தது.

அன்றைக்கே ஒரு சொல் சொன்னார். அவள் பேரும் குரலும் இந்த வாசற்படி ஏறக்கூடாது. ஏறினால், ஏற்றியவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்க மாட்டேன்.

அந்தச் சொல் இதுவரை நின்றிருந்தது. நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

இப்போது யோசித்தால் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பதினோரு மணியானால் இவள் சமையலறையைவிட்டு நகர்வதில்லை. மிக்சி ஓடுவதில்லை. குக்கர்கூட அந்த ஒரு மணி நேரம் மரியாதையாக விசிலடிக்காமல் இருக்கிறது.

மாடியிலிருந்து அதே இயந்திரக் குரல் கேட்டது.

"கிளிஞ்சல் வானொலி கிடைக்கவில்லை. மீண்டும் முயல்கிறேன்."

மாடியில் மகனின் அறை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். பதினோரு மணிக்கு ஆபீஸ் மீட்டிங், யாரும் கதவைத் தட்டக்கூடாது என்று கட்டளை.

"டேய்! இறங்கி வாடா கீழ!"

மகன் வந்தான். வரும்போதே கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"நம்ம வீட்டு நெட்டு இல்லப்பா. இந்த ஸ்பீக்கர்ல ரேடியோ குடுக்கிற கம்பெனிக்கே சர்வர் படுத்துருச்சு. எல்லா ஊர்லயும் ஜனங்க கத்திக்கிட்டு இருக்காங்க, பாருங்க."

"சர்வர் படுக்கட்டும், எந்திரிக்கட்டும். நீ எதைக் கேட்டுக்கிட்டு இருந்த?"

மகன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள்.

முகம் பார்த்துப் பெட்டியை எடைபோட்டவருக்கு இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

"திருட்டுக் கூட்டம்! என் வீட்டுலயே, என் முதுகுக்குப் பின்னாடி!"

"முதுகுக்குப் பின்னாடி என்ன? நீங்கதான் மணி அடிச்சாப்புல கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துடுறீங்க" என்றாள் மனைவி. "இன்னிக்கு ஏன் இத்தனை சீக்கிரம் எந்திரிச்சு வந்தீங்க?"

கேள்வி கேட்கிற இடத்தில் இருப்பவர் பதில் சொல்லத் தேவையில்லை.

"நான் சொன்ன சொல்லு உங்களுக்கு நினைவிருக்கா, இல்லையா? இந்தக் குடும்பத்து மானத்தைக் கூடத்துல நிக்க வெச்சு வேடிக்கை காட்டினவ அவ. அவ குரலு என் காதுல விழுந்த அன்னிக்கு..."

அந்த நேரம் பார்த்துச் சேவை திரும்பியது.

சமையலறையில் மகள் பேசினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற அதே குரல்.

"...மணி பதினொண்ணு இருபது. எல்லாரும் தண்ணி குடிச்சீங்களா?"

இந்த ஸ்பீக்கர்கள் ஒன்றுபோல ஓடுவதில்லை. இரண்டு நொடி பின்தங்கி மாடியிலிருந்து வந்தது.

"...எல்லாரும் தண்ணி குடிச்சீங்களா?"

இன்னும் இரண்டு நொடி கழித்து, மற்ற இரண்டையும் அமுக்கிக்கொண்டு, சுவர் அதிர வந்தது.

"...எல்லாரும் தண்ணி குடிச்சீங்களா?"

அது சுங்கக்காரரின் அறையிலிருந்து வந்தது. தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த, அறிவிப்பெல்லாம் சொல்லத் தெரியாத குட்டி ஸ்பீக்கரிலிருந்து. சற்று முன் குரல் அறுந்தபோது, தன் காதுதான் மந்தமோ என்று சத்தத்தைக் கடைசிவரை கூட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

யாரும் அந்த அறைப் பக்கம் திரும்பவில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை ஸ்பீக்கரை அணைத்தாள். மகன் மாடியேறிப் போனான். மாடியும் அடங்கியது.

வீட்டில் ஒரே ஒரு குரல் மிச்சம் இருந்தது.

சுங்கக்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

குரல் தணிந்தது. நிற்கவில்லை.