ஓரத்து முடி

பெரிய பயண பைக் ஒன்றின் பின் டயரில், ஓரமாக, புது டயரில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி ஒன்று மிச்சம் இருந்தது. டயர் மாட்டி வருஷம் ஒன்றாகியும் அது ரோட்டைத் தொட்டதே இல்லை.

டயரின் நடுப்பகுதியோ தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. "தம்பி, நாளைக்கு நம்மளக் கழட்டப் போறாங்க. கல்யாணத்துக்கு வந்து பந்தியில உட்காராத ஆள் மாதிரி நீ கிளம்பப் போற" என்று அது சிரித்தது.

"நான் என்னண்ணே செய்ய?" என்றது முடி. "மலை வளைவு வந்தாலே வண்டி ஓட்டுற நம்ம ஆளு கீழ பள்ளத்தையே பாக்குறாரு. பயந்து பிரேக்கப் பிடிச்சிடுறாரு. வண்டியச் சாய்க்கிறதே இல்ல. சாய்ச்சாத்தானே ஓரம் ரோட்டத் தொடும்?"

அன்று மலையேறும்போது, பள்ளம் நிறைய மேகம் பஞ்சு மாதிரி படுத்துக் கிடந்தது. ரோட்டில் மட்டும் வெயில். பார்க்கப் பள்ளமே இல்லாததால், அவர் வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தார். பிரேக்கை விட்டு விரல் தானாக விலகியது. தூக்கத்தில் புரளுகிற குழந்தை மாதிரி வண்டி மெல்லச் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது.

"அண்ணே, ரோடு வருதுண்ணே! எவ்வளவு சூடா..."

வண்டி நிமிர்ந்ததும் நடுப்பகுதி கேட்டது: "தம்பி, எப்படிடா இருந்துச்சு?"

பதில் சொல்ல ஓரத்தில் யாருமில்லை. முடி இருந்த இடம் மொட்டையாக, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.