ஒரு மாசம் தள்ளி

“யாரக் கேட்டும்மா என் இன்கிரிமென்ட்ல கை வெச்சே?”

செங்கல்வராயன் சம்பளக் கவரை மேஜைமேல் விசிறியடித்தார். கணக்கெழுதும் ஜெயசீலி நிமிர்ந்து ஏதோ சொல்ல வருவதற்குள் மறுபடி கத்தினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த லேத் பட்டறைக்கே அவர் சங்கதி தெரியும். ஆவடி மார்க்கெட்டில் எட்டணா குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற மனுஷன். இந்த வருஷம் முதலாளியிடம் கத்திக் கத்தியே பட்டறை ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் மாசம் நூற்றைம்பது ரூபாய் ஏற்றி வாங்கியவர். ஏப்ரலிலிருந்து.

இன்றைக்குப் பார்த்தால் பதினோரு கவரில் ஏறியிருக்கிறது. வாங்கிக் கொடுத்தவர் கவரில் மட்டும் பழைய சம்பளம், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்!

“உங்களுக்கு மே மாசத்துலருந்து போட்டிருக்கேண்ணே.”

“ஏன், நான் ஏப்ரல்ல லேத்த உட்டுட்டு மாங்கா பறிக்கப் போயிருந்தேனா? ஊட்ல பொண்டாட்டி நாலு படி ஏறினா மூச்சு வாங்கி ஒக்காந்துகினு கீறா. ஆஸ்பத்திரிக்கு அலையிற பஸ் காச உங்கப்பனா குடுப்பான்?”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. “இல்லண்ணே, அது...” என்று ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

“இன்னா மொதலாளி, ஏப்ரல்னு சொன்னீங்களா, இல்லியா?”

“சொன்னேன்யா.” ரிஜிஸ்தரைப் புரட்டியவர் ஜெயசீலியிடம் திரும்பினார். “என்னம்மா இது? ஏப்ரல்லருந்து மாத்தி எழுதி, கையெழுத்து வாங்கு. இன்னொரு தடவை இப்படிப் பண்ணா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, அவர் வெளியே போனார்.

செங்கல்வராயன் மீசையைத் தடவிக்கொண்டார். “ம்... எழுதும்மா.”

ஜெயசீலி பேனாவை எடுக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். லீவு கேட்டபோது அவரே கொடுத்தது. மனைவி தாயம்மாவின் இதய வால்வு ஆபரேஷனுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த தேதி. வரும் பிப்ரவரி.

“சம்பளம் மூவாயிரத்தைத் தாண்டினா ஈ.எஸ்.ஐ. கிடையாதுண்ணே. அவங்க கணக்கு ஆறாறு மாசம், ஏப்ரல்ல ஆரம்பம்; நடுவுல தாண்டினா அந்த ஆறு மாசமும் கணக்குல சேரும். ஏப்ரல்லயே தாண்டினா, இந்த டிசம்பரோட உங்க கார்டு முடிஞ்சுது. ஒரு மாசம் தள்ளி மே மாசம் தாண்டினா, அடுத்த ஜூன் வரைக்கும் செல்லும். வெளிய அந்த ஆபரேஷனுக்கு அறுபதாயிரம் கேக்கறாங்க.”

செங்கல்வராயன் விசிறியடித்த கவரை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“இத... முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?”

“ரெண்டு தடவை சொல்ல வந்தேன். எங்க பேச வுட்டீங்க?”

முதலாளி திரும்பி வந்தார். “மாத்தியாச்சா?”

“வேணாம் மொதலாளி. மே மாசமே இருக்கட்டும். நாந்தான் அப்படிப் போடச் சொன்னேன். சொன்னத மறந்துட்டுக் கத்திகினு கீறேன். அந்தம்மா மேல தப்பில்ல.”

“நூத்தைம்பது ரூபாயை நீ வுடறியா?” முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

திறந்து கிடந்த ரிஜிஸ்தரில் செங்கல்வராயனின் கண் நின்றது. பன்னிரண்டு பேருக்குக் கீழே பதின்மூன்றாவது பெயர், ஜெயசீலி. சம்பளம் ஆயிரத்து நூறு. போன வருஷமும் அதே, இந்த வருஷமும் அதே.

அத்தனை பேருக்கும் கத்தியவர், இந்தப் பெயருக்கு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாற்காலியை இழுத்து முதலாளிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“இந்தம்மாவுக்கு மட்டும் ஏப்ரல்லருந்து ஏத்திப் போட்டே ஆவணும் மொதலாளி. ஒக்காருங்க, பேசுவோம்.”