முதல் மார்க் நெட்டையன்

கட்டுரை வகுப்பில் பேராசிரியை எழுதி வரச் சொல்லியிருந்த கட்டுரைகளில் என்னுடையதை மேசைமேல் போட்டார். நூற்றுக்கு இருபத்தெட்டு.

"அவசர அவசரமா கிறுக்கியிருக்கே. முடிவுரையே இல்ல. மத்த எல்லாரும் பாஸ். உன் ரூம்ல இருக்கறவன் தொண்ணூத்திரண்டு. கூடவே இருந்தும் உனக்கு ஒட்டலையே."

நான் தாளை எடுத்து நாலாக மடித்தேன்.

"இனிமே தினமும் அவனே உனக்குச் சொல்லித்தரட்டும். நாளைக்கு கிளாஸ் முடிஞ்சதும் இங்கேயே சொல்லித்தரட்டும், நானும் இருந்து பார்க்கிறேன்."

என் அறைத்தோழன் நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்தவன், கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைத்தாளை நீட்டினான்.

"கிளாஸ்ல என்னையும் சேர்த்து எல்லாருக்கும் கட்டுரை எழுதிக் குடுத்துட்டு, உன்னோடதைக் கோட்டை விட்டுட்டியே மச்சான். சரி, நாளைக்கு உனக்கு நான் என்ன சொல்லித்தரணும்? அதையும் எழுதிக் குடுத்துடு."